ஒரு நிக்காஹ், மூன்று தேதிகள்: மலேசிய மருமகள் ஒருவரின் தங்கும் அனுமதி குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட கடலோர ஊர்களுக்கு மலேசியா தூரத்து நாடு அல்ல. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று திருச்சியில் விமானம் ஏறுகிறார்கள். சபர் போனவர்களில், அதாவது பிழைக்க வெளிநாடு போனவர்களில், ஒரு பகுதியினர் அங்கேயே குடியுரிமை பெற்றுத் தங்கிவிட்டாலும் பெண் எடுப்பதும் கொடுப்பதும் ஊரோடுதான். ஆகவே மலேசிய பாஸ்போர்ட் வைத்திருக்கும் மருமகள் இந்தத் தெருக்களில் புதுமை இல்லை. பெருநாளுக்கு வந்து போகும்வரை யாரும் காகிதத்தைப் பற்றி நினைப்பதில்லை. தங்கிவிட வரும்போதுதான் எல்லாம் தொடங்குகிறது.

இங்கே பதிவாகும் குடும்பத்தில் கணவர் இந்தியர், இந்தக் கரையில் பிறந்தவர். கோலாலம்பூர் அருகே ஓர் உணவகத்தில் மேலாளராக முறையான வேலை அனுமதியில் இருந்தவர். மனைவி மலேசியக் குடிமகள். அவருடைய பாட்டனாரும் இதே ஊர்க்காரர்தான். 2016இல் பெண் வீட்டார் ஊருக்கு வந்து, ஊர்ப் பள்ளிவாசலில் நிக்காஹ் நடந்தது. மூன்று மாதம் கழித்து மலேசியாவில் மாநில சமய அலுவலகத்தில் அந்தத் திருமணத்தைப் பதிவு செய்தார்கள். வெளிநாட்டில் மணம் முடித்த மலேசிய முஸ்லிம்கள் ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். 2017இல் மகன் அங்கே பிறந்தான். தாய் மலேசியர் என்பதால் மகனும் மலேசியக் குடிமகன்.

2023 தொடக்கத்தில் கணவரின் தந்தைக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கணவர் வேலையை விட்டார். குடும்பம் நிரந்தரமாக ஊர் திரும்புவது என்று முடிவானது.

எங்கள் ஊர் ஜமாஅத் அலுவலகத்தில் மாலை வேளைகளில் பாஸ்போர்ட், விசா காகிதங்களுக்கு உதவும் சிலரில் நானும் ஒருவன். இது குடும்பத்தின் சம்மதத்துடன் எழுதப்படுகிறது. அடையாளம் தரும் விவரங்களை விட்டிருக்கிறேன்.

வந்து சேர்ந்தபோது இருந்த நிலை

அவசரத்தில் கிளம்பியதால் மனைவியும் மகனும் இணையவழிச் சுற்றுலா விசாவில் வந்திருந்தார்கள். "இங்கே வந்து நீட்டிச்சுக்கலாம்னு சொன்னாங்க" என்றார் கணவர். சொன்னவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. சுற்றுலா விசாவை இங்கிருந்தபடி நீட்டிக்கவோ வேறு வகைக்கு மாற்றவோ பொதுவாக வழியில்லை. உள்ள விதிவிலக்குகளில் இவர்கள் வரவில்லை. பேருந்து நிலையத்தை ஒட்டிய கணினி மையம் ஒன்றில் ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் போட்டு, அது திரும்பி வந்திருந்தது. அதில் விசா வகையே தவறு.

ஒரு வருகைக்கு இத்தனை நாள்தான் தங்கலாம் என்ற வரம்பு விசா அனுமதியில் அச்சாகியிருந்தது. அது முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன. அந்த அவகாசத்தில் என்னென்ன கையில் இருக்கின்றன என்று பார்த்தோம்.

ஜமாஅத் நிக்காஹ் பதிவேட்டில் இருவர் கையொப்பமும் சாட்சிகளும் சரியாக இருந்தன. மணப்பெண்ணின் பெயர் தமிழில், பின்னால் 'பீவி' சேர்த்து எழுதப்பட்டிருந்தது. மலேசிய பாஸ்போர்ட்டில் பீவி இல்லை. பெயருக்குப் பின் 'பிந்தி' (இன்னாரின் மகள்) என்று வந்து தந்தை பெயர் தொடர்ந்தது. அந்தத் தந்தையின் பெயரில் 'சீனி' என்ற முன்பகுதி ஊர்ப் பதிவேட்டில் உண்டு, மலேசிய ஆவணத்தில் இல்லை. மலேசியத் திருமணச் சான்றிதழ் மலாய் மொழியில் இருந்தது. மூலப் பிரதி கோலாலம்பூரில் மனைவியின் தாயார் வீட்டு அலமாரியில். இங்கே இருந்தது போனில் எடுத்த படம்.

இவற்றைவிட எனக்கு உறுத்தியது தேதி. மலேசியச் சான்றிதழில் நிக்காஹ் நாள் ஒன்று. அதன் கீழே பதிவு நாள் மூன்று மாதம் தள்ளி இன்னொன்று. விசாவுக்காக ஜமாஅத் அண்மையில் கொடுத்திருந்த கடிதத்தில் நிக்காஹ் நாள் ஒரு நாள் பிந்தியிருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்கப் பழைய பதிவேட்டைத் திறக்க வேண்டியிருந்தது. அதில் ஹிஜ்ரி தேதி தெளிவாக இருந்தது. ஆங்கிலத் தேதிக்கான கட்டம் காலி. நிக்காஹ் நடந்தது இஷா எனும் இரவுத் தொழுகைக்குப் பிறகு. சூரியன் மறையும் மஃரிப் வேளையோடு பிறை நாள் மாறிவிடும் என்பதால் ஹஜ்ரத் (பள்ளிவாசல் இமாம்) அடுத்த நாளின் பிறையை எழுதியிருக்கிறார். அது சரியானதே. ஏழு ஆண்டு கழித்துக் கடிதம் தயாரித்தவர் காலண்டரில் அந்தப் பிறைக்கு நேரே இருந்த ஆங்கிலத் தேதியை அப்படியே எடுத்துவிட்டார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் மேசையில் இரண்டு காகிதங்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் கேள்வி வராமல் போகாது.

தள்ளப்பட்ட இரண்டு வழிகள்

முதல் வழியைச் சொன்னவர் மதுரையில் இருந்து வந்த ஏஜென்ட் ஒருவர். "பழைய கதையை விடுங்க பாய். போன மாசம் நிக்காஹ் நடந்ததா ஜமாஅத்துல ஒரு லெட்டர் வாங்குங்க, பதிவை நான் பாத்துக்கிறேன்" என்றார். அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதத்தினரும் திருமணம் நடந்த 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணத்தோடு மேலும் 60 நாள். அதற்கப்பால் அந்தச் சட்டத்தின் கீழ் கதவு மூடிவிடும். 2016இல் நடந்த நிக்காஹுக்கு அந்த 150 நாள் எப்போதோ போய்விட்டது. கணவர் அப்போதே மலேசியா திரும்பிவிட்டார், சார்பதிவாளர் அலுவலகம் யாருடைய நினைவிலும் இல்லை.

ஏஜென்ட் சொன்னபடி செய்திருந்தால் நான்காவதாக ஒரு தேதி உருவாகியிருக்கும். 2017இல் பிறந்த மகனின் பெற்றோர் 2023இல் மணம் முடித்ததாக அரசு ஆவணம் சொல்லும், மலேசிய ஆவணமோ 2016 என்று சொல்லும். பொய்த் தகவல் கொடுத்துப் பதிவது குற்றம் என்பது ஒருபுறம். வெளிநாட்டு மனைவி ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கும் இந்தியரின் வெளிநாட்டுத் துணைக்கும் தரப்படும் நீண்டகாலத் தங்கும் அட்டை) கேட்க, திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நீடித்திருக்க வேண்டும் என்கிறது குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவு. புதிய தேதியில் பதிந்தால் அந்த இரண்டு ஆண்டும் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். குறுக்குவழி என்று சொல்லப்பட்டது உண்மையில் நீண்ட வழி. கணவரின் தாயார் இதைக் கேட்டதும், "இன்னொரு நிக்காஹா? எம்மவனுக்கு எத்தனை நிக்காஹ் பண்ணச் சொல்றாக?" என்று முடித்துவிட்டார்.

இரண்டாவது வழி சட்டப்படி சரியானது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, வேறு முறையில் ஏற்கெனவே நடந்த திருமணத்தைப் பதிய இடம் தருகிறது. இருவரும் அந்தத் திருமணப் பதிவு அலுவலரின் எல்லைக்குள் 30 நாளாவது வசித்திருக்க வேண்டும். பிறகு ஆட்சேபத்துக்கு 30 நாள் அறிவிப்பு. சுற்றுலா விசாவின் மிச்ச நாட்களுக்குள் இதை முடிப்பது கடினம். அதைவிடப் பெரிய தயக்கம் வேறு. இப்படிப் பதிவான திருமணம் அந்தச் சட்டத்தின் கீழ் நடந்ததாகவே கருதப்படும். சொத்துரிமையும் அதன்பின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி போகும். ஷரீஅத் முறைப்படி பாகம் பிரிக்கும் குடும்பத்தில், விசா வாங்கப் போய் வாரிசுச் சட்டத்தை மாற்றிக்கொள்ள யாரும் ஒப்பவில்லை. அவர்கள் சொன்னது நியாயம் என்றே எனக்குப் பட்டது. இந்த 15ஆவது பிரிவைப் பற்றிச் சொல்லும் பலர் இந்தப் பின்விளைவைச் சொல்வதில்லை.

எடுக்கப்பட்ட முடிவு: திரும்பிப் போவது

புதிய காகிதம் எதையும் உண்டாக்காமல், இருக்கும் மலேசியப் பதிவையே இந்திய அலுவலகங்கள் ஏற்கும் நிலைக்குக் கொண்டுவருவது என்று தீர்மானித்தோம். அதற்கு மனைவியும் மகனும் கோலாலம்பூர் திரும்ப வேண்டும். படுக்கையில் மாமனார், இங்கே மாமியார் தனியாக. மனைவிக்கு மனமில்லை. விமானச் செலவும் சிறியதல்ல. ஆனால் விசா வரம்பைத் தாண்டித் தங்கினால், அந்த ஒரு பதிவு பிற்காலத்து எல்லா விண்ணப்பங்களிலும் கூடவே வரும். வரம்பு முடியும் முன்பே இருவரும் திருச்சியிலிருந்து கிளம்பினார்கள்.

போகும் முன் ஊரில் முடித்தவை இரண்டு. ஜமாஅத் செயலாளர் பழைய கடிதத்தைத் திரும்பப் பெற்றுப் புதியது கொடுத்தார். இன்ன தேதி இரவு இஷாவுக்குப் பின் நிக்காஹ் நடந்தது, பதிவேட்டில் உள்ள பிறை நாள் அன்றைய மஃரிபிலிருந்து தொடங்கியது என்று விளக்கி, பதிவேட்டின் நகலும் முத்திரையும் வைத்தார். கூடவே 2016இன் கல்யாணப் பத்திரிகையையும் இணைத்தோம். அதில் கிழமையும் 'இஷா தொழுகைக்குப் பின்' என்ற வரியும் அச்சில் இருந்தன. பீரோவில் ஒரு பத்திரிகை எஞ்சியிருந்தது நல்லதாயிற்று. இரண்டாவது, கணவரின் பாஸ்போர்ட்டை மதுரை பாஸ்போர்ட் அலுவலகம் வழியே மனைவி பெயர் சேர்த்துப் புதுப்பித்தது. அதில் மனைவியின் பெயரை அவரது மலேசிய பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளோடு ஒன்றுவிடாமல் ஒத்துப்பார்த்தோம்.

கோலாலம்பூரில்

ஒரு நாட்டின் ஆவணத்தை ஒரே முத்திரையில் மற்ற நாடுகள் ஏற்க வகைசெய்யும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் மலேசியா அப்போது இல்லை. ஆகவே ஒரே முத்திரையில் வேலை முடியவில்லை. மாநில சமய அலுவலகத்தின் ஒப்பம், பிறகு புத்ராஜெயாவில் வெளியுறவு அமைச்சின் ஒப்பம், அதன் பின் கோலாலம்பூரில் இந்தியத் தூதரகத்தின் ஒப்பம் என்று வரிசையாகப் போக வேண்டியிருந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பும் அதே வரிசையில் சான்று பெற்றது. மகனின் பிறப்புச் சான்றிதழுக்கும் இதே நடை. பெயர் வேறுபாட்டுக்கு, இரண்டு வடிவமும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று மனைவி உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தார்.

கணவர் அங்கே வேலையில் இருந்த ஏழு ஆண்டில் ஏதாவதொரு விடுப்பு நாளில் இதை முடித்திருக்கலாம். ஆனால் தேவை வராதவரை யாரும் சான்றிதழை எடுத்துக்கொண்டு புத்ராஜெயா போவதில்லை.

இந்தியக் குடிமகனின் மனைவி, பிள்ளை என்ற வகையில் இருவருக்கும் எக்ஸ் விசா கேட்டார்கள். கிடைத்தது. அந்த விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது என்பது முன்பே தெரிந்ததுதான். மனைவியின் தாயாருக்கு ஒரு பயம் இருந்தது: இந்தியாவில் அட்டை வாங்கினால் மலேசியக் குடியுரிமை போய்விடுமோ என்று. மலேசியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் எக்ஸ் விசாவும் சரி, ஓசிஐயும் சரி, குடியுரிமை அல்ல. ஓட்டுரிமை இல்லை, இந்திய பாஸ்போர்ட் இல்லை. இதை அவருக்குப் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

ராமநாதபுரத்தில் பதிவு

180 நாளுக்கு மேல் செல்லும் எக்ஸ் விசாவில் வருகிறவர் 14 நாளுக்குள் பதிய வேண்டும். எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டவர் மண்டலப் பதிவு அலுவலகம்) இல்லாத மாவட்டங்களில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்தான் வெளிநாட்டவர் பதிவு அலுவலர். விண்ணப்பம் இணையத்தில். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பதிவு தேவையில்லை என்பதால் மகனின் தலைவலி இங்கே இல்லை.

தடுமாற்றம் வந்தது வீட்டில். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர் சி படிவம் தர வேண்டியிருந்தது, அதற்கு வீட்டு முகவரிக்கான ஆதாரம் தேவைப்பட்டது. வீட்டு வரி ரசீது மாமனார் பெயரில். கரண்ட் பில்லோ, இறந்து பல ஆண்டான அவருடைய தந்தை பெயரிலேயே வந்துகொண்டிருந்தது. இந்தக் கடற்கரையில் பாதி வீடுகளின் நிலை இதுதான். கட்டணம் கட்டுகிறவரைக்கும் யாரும் பெயரை மாற்றுவதில்லை. மின்வாரியத்தில் பெயர் மாற்ற விண்ணப்பித்தோம். மாமனாரால் கையெழுத்துப் போட முடியாததால் இரண்டு சாட்சிகள் முன் இடது கைப் பெருவிரல் ரேகையுடன் சம்மதக் கடிதம் வாங்கி, வரி ரசீதோடு சேர்த்து, சி படிவத்துக்கான கணக்கைக் கணவர் பெயரில் தொடங்கினோம். இந்த முன்வேலை அவர்கள் விமானம் ஏறும் முன்பே தொடங்கப்பட்டதால்தான் 14 நாள் போதுமானதாக இருந்தது.

விண்ணப்பித்த பிறகு காவல் நிலையத்தின் தனிப்பிரிவுக் காவலர் விசாரிக்க வந்தார். பக்கத்து வீடுகளிலும் கேட்டார். மனைவி கலங்கிப்போனார். பாக் நீரிணையைப் பார்த்தபடி இருக்கும் ஊரில், வெளிநாட்டவர் என்றதும் எந்த வழியாக வந்தார் என்ற கேள்விதான் முதலில் வரும். இலங்கையிலிருந்து படகில் வந்து இறங்கியவர்களை எத்தனையோ முறை பார்த்த கரை இது. திருச்சி விமான நிலைய முத்திரை உள்ள பக்கத்தைக் காட்டியதும் பேச்சு இயல்பானது. தெருவில் யாராவது வரும்போது முகம் சுளிக்காமல் பாஸ்போர்ட், விசா, சி படிவ ரசீது மூன்றையும் ஒரே உறையில் எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தோம். குடியிருப்பு அனுமதி இணையத்திலேயே வந்தது.

ஓசிஐ: எந்தக் கதவு?

மகனுக்கு இந்தியக் குடியுரிமை கேட்கலாமா என்று குடும்பம் முதலில் யோசித்தது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்திருக்க வேண்டும், வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்றும் உறுதி தர வேண்டும். முதலாவது நடக்கவில்லை, இரண்டாவது முடியாது. ஆனால் பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்பதே மகனின் ஓசிஐக்குப் போதும்.

மனைவிக்கு இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்று மனைவி என்ற முறையில். மற்றொன்று பேத்தி என்ற முறையில். இந்தியக் குடிமகனாக இருந்தவரின் பேரப்பிள்ளைக்கும் கொள்ளுப்பேரப்பிள்ளைக்கும் 7ஏ பிரிவு இடம் தருகிறது. என் கருத்தில் இரண்டாவதுதான் உறுதியான வழி. மனைவி என்ற முறையில் பெற்ற ஓசிஐ, நீதிமன்றம் திருமணத்தை முறித்தால் ரத்தாகக்கூடியது. பாட்டனார் வழி வந்தது அப்படியல்ல. இதைக் கணவர் முன்னிலையிலேயே சொன்னேன். அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் பாட்டனார் இந்தியர் என்பதற்கு அப்போது கையில் இருந்தது பேச்சு வழக்கு மட்டுமே. அவர் பிறந்த காலத்துப் பதிவு கிடைக்கவில்லை. நிலப் பட்டா அவருடைய அண்ணன் பெயரில். 'சீனி' சிக்கல் இங்கே இன்னும் பெரிதாக நின்றது. எனவே மனைவி என்ற முறையிலேயே விண்ணப்பிப்பது என்று முடிவு. மலேசியப் பதிவு 2016ஆம் ஆண்டினது, அதற்குத் தூதரக ஒப்பமும் இருந்தது, ஆகவே இரண்டு ஆண்டு நிபந்தனை தானாகவே நிறைவேறியது. இந்தியாவில் விண்ணப்பிக்கத் தொடர்ந்து ஆறு மாதம் வசித்திருக்க வேண்டும் என்பதால் 2024இல் அது கடந்த பிறகு இருவருக்கும் சேர்த்துச் சென்னை எஃப்ஆர்ஆர்ஓவில் கொடுத்தார்கள். கட்டணம் ஆளுக்கு 15,000 ரூபாய்.

சென்னையில் மூலப் பிரதிகளைப் பார்த்த அலுவலர் முதலில் கேட்டது நிக்காஹ் தேதியைத்தான். செயலாளரின் விளக்கக் கடிதமும் பத்திரிகையும் கொடுக்கப்பட்டன. மேற்கொண்டு அதைப் பற்றிக் கேள்வி வரவில்லை. கணவனிடமும் மனைவியிடமும் தனித்தனியே வீடு, பிள்ளை, வேலை பற்றிக் கேட்டார்கள்.

தொடர்ந்து நடந்தவை

மகனின் அட்டை முதலில் வந்தது. மனைவி என்ற முறையில் கேட்பவர்களுக்குப் பாதுகாப்பு அனுமதி தனியாக வேண்டும் என்பதால் அவருடையது பல மாதம் பிந்தி வந்தது. அந்த இடைவெளியில் எக்ஸ் விசா காலாவதியாகாமல் பார்த்துக்கொண்டது முக்கியம். ஓசிஐ நிலுவையில் இருப்பதே தங்குவதற்கு உரிமை என்று நினைத்து விசாவைக் கவனிக்காமல் விட்டவர்களை வேறு குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

மாமனார் உடல் ஓரளவு தேறியதும் தென்னந்தோப்பு ஒன்றை மருமகள் பெயரில் எழுதிவைக்க ஆசைப்பட்டார். ஓசிஐ வைத்திருப்பவர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கவோ தானமாகப் பெறவோ முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். பேரன் பெயரில் எழுதுவோம் என்றார். அவனும் ஓசிஐதான். தோப்பு கணவர் பெயருக்குப் போனது.

மறுமுறை என்றால்

இந்தக் குடும்பம் 2016இலேயே 150 நாளுக்குள் சார்பதிவாளரிடம் போயிருந்தால் கோலாலம்பூர் ஒப்பங்களில் பாதி தேவைப்பட்டிருக்காது. அடுத்த நிலையில், மலேசியச் சான்றிதழை ஊர் திரும்பும் முன் ஒப்பம் வாங்கி, முதலிலேயே எக்ஸ் விசாவில் வந்திருந்தால் ஒரு விமானப் பயணமும் மாமனார் படுக்கையில் இருந்த காலத்துப் பிரிவும் தவிர்ந்திருக்கும். ஜமாஅத்தில் இதற்குப்பின் மூன்று மாற்றம் செய்தோம். நிக்காஹ் பதிவேட்டில் ஆங்கிலத் தேதியும் நேரமும் காலியாக இருந்தால் கையொப்பம் வாங்குவதில்லை. மணமகளின் பெயரை பாஸ்போர்ட் பார்த்து ஆங்கிலத்திலும் எழுதுகிறோம். வெளிநாட்டு மணமகள் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு யார் கூட்டிப்போவது என்று அன்றே பெயர் குறிக்கிறோம்.

இந்த நிகழ்வின் பெரும்பகுதி பழைய சட்டங்களின் காலத்தில் நடந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 நடைமுறையில் இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் பதிவுச் சட்டமும் 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டமும் போய்விட்டன. புதிதாக வருகிறவர்கள் சி படிவம் போன்ற பழைய பெயர்களை நம்பாமல் அன்றைய தளத்தில் உள்ள படிவத்தைப் பார்க்க வேண்டும்.

மனைவியின் மலேசிய பாஸ்போர்ட் 2027இல் முடிகிறது. புதியது கையில் வந்த மூன்று மாதத்துக்குள் அதன் நகலையும் புகைப்படத்தையும், திருமணம் நீடிக்கிறது என்ற உறுதிமொழியையும் ஓசிஐ தளத்தில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் இது தொடரும். இதற்கிடையே பினாங்கில் ஒரு பெரியம்மா வீட்டில் பாட்டனாரின் பழைய இந்திய பாஸ்போர்ட் கிடைத்திருக்கிறது. பிறந்த இடம் ராம்நாட் ஜில்லா என்று அதில் இருக்கிறது, பெயரில் சீனியும் இருக்கிறது. பேத்தி என்ற முறையில் புதிதாக விண்ணப்பிப்பதா, இருப்பதையே வைத்துக்கொள்வதா என்று குடும்பம் இன்னும் முடிவெடுக்கவில்லை.